ஒன்பது நொடி

இரண்டு பத்துக்குக் கைப்பேசி அலறியது:
ஆலை சர்வர் இறந்துவிட்டதாம்.

இறக்கவில்லை.
அந்த நேரம் அது பேக்கப் எடுத்துக்கொண்டு
வட்டுக்குள் தலை புதைத்திருந்தது.
'இருக்கிறாயா' என்ற கேள்விக்கு
ஏழு நொடி கழித்து 'இருக்கிறேன்' என்றது.
நான் கொடுத்திருந்தது ஆறு.

இரண்டு நொடிக்கு ஒரு கேள்வி,
மூன்றுக்குப் பதில் இல்லையென்றால் சாவு.
அந்த வரியை எழுதியவள் நானே,
மார்ச் மாதம், கோலாலம்பூரில்,
சால்வை போர்த்திக்கொண்டு உட்காரும் ஓர் அறையில்.

பகாவ் அப்படியல்ல.
மழைக்கு முன்பே மின்சாரம் ஒருமுறை கண் சிமிட்டிவிடும்.
டவுன் அலுவலகத்திலிருந்து செம்பனை ஆலைக்குப் போகும் கம்பி
தோட்டத்து ஓரமாகவே தொங்கிப் போகிறது;
ஏழாவது கம்பம் குரங்குகளுக்குச் சொந்தம்.

டவுன் சர்வர் பொறுப்பை ஏற்றுக்கொண்டது.
ஆலை சர்வர் பொறுப்பை விடவில்லை.
விடாவிட்டால் அதன் மின்சாரத்தை வெட்டு என்கிற கட்டளைக்கு
'பிறகு' என்று ஒரு குறிப்பு வைத்திருந்தேன்,
என் கையெழுத்தோடு, தேதியோடு.

இருபத்தாறு நிமிடம் இரண்டு தலை.

தவசீலன் எடைமேடையிலிருந்து அழைத்தான்:
"அக்கா, ஜைலானி லோரி உள்ள இருக்கா, வெளிய போயிடுச்சா?"
ஆலைக் கணக்கில் 4417 பழத்தோடு வந்தது, திரும்பவே இல்லை.
டவுன் கணக்கில் அது வரவேயில்லை,
காலியாகத் திரும்பிப் போயிருந்தது.
ஜைலானியோ கேண்டின் வாசலில்
பொட்டலத்துத் தே தாரிக்கை ஆட்டிக்கொண்டு நின்றார்.
இரண்டு எடையும் சேராவிட்டால் அவருக்கு நடைக்கூலி இல்லை.

மோட்டாரில் போனேன். அவிந்த பழத்தின் வாடை
தலைக்கவசத்துக்குள் வந்து குடியேறியது.

இரண்டு சர்வர், இரண்டு ஓட்டு.
மூன்றாவது வேண்டும் என்று எழுதிக் கேட்டதற்கு
'அடுத்த ஆண்டு' என்று பதில் வந்திருந்தது.
தவசீலன் மேசை இழுப்பறையைத் திறந்து
மளிகைக் கடனெழுதும் 555 புத்தகத்தை எடுத்தான்.
பென்சிலில்: வண்டி எண், உள்ளே, வெளியே, எடை.
ஒரு வரி விடாமல்.
"சிஸ்டம் மேல நம்பிக்கை இல்லாம இல்லக்கா" என்றான்.
போன மாதம் இதைப் பார்த்துச் சிரித்திருந்தேன்.
இப்போது அவன் வாசிக்க வாசிக்க
பதினொரு லோரிகளைத் தட்டித் தட்டி
ஒரே கணக்குக்குள் ஓட்டி வந்தேன்.

விடிந்தபின் ஒரு வாரப் பதிவை விரித்தேன்.
மிகத் தாமதமான பதில் ஏழு புள்ளி நான்கு நொடி.
மூன்று நொடிக்கு ஒரு கேள்வி, மூன்று தவறினால்தான் சாவு:
ஒன்பது.
பன்னிரண்டு போடலாம். உண்மையாகவே செத்தால்
மேடையில் நிற்கும் லோரி பன்னிரண்டு நொடி நிற்கும்,
பின்னால் நிற்பவர் ஹாரன் அடிப்பார்.
எட்டு போட்டு அழித்தேன்.
'இருக்கிறாயா' என்பதையும் மாற்றினேன்;
இருப்பதாகச் சொல்லிக்கொண்டே
ஒன்றும் செய்யாமல் கிடக்க முடிகிறது,
சர்வருக்கும்.
இனி: ஒரு வரி எழுதிக் காட்டு.
பேக்கப்பைக் காலை ஒன்பதுக்குத் தள்ளினேன்,
பழம் இன்னும் மரத்தில் இருக்கும் நேரம்.
'பிறகு' என்ற குறிப்பை எடுத்துவிட்டுக்
கட்டளையை எழுதி, ஒருமுறை வெட்டியும் பார்த்தேன்.
மூன்றாவது சர்வருக்கான விண்ணப்பத்தில்
555 புத்தகத்தின் ஒரு பக்கத்தைப் படமெடுத்து இணைத்தேன்.
காரணம் என்ற கட்டத்தில் வேறெதுவும் எழுதவில்லை.

அன்றிரவு இரண்டு பத்துக்கு நானாகவே விழித்தேன்.
கைப்பேசி அமைதியாக இருந்தது.
அது நல்ல அமைதிதானா என்று தெரியவில்லை.
தவசீலனுக்கு அனுப்பினேன்: 'இருக்கியா?'

எண்ணத் தொடங்கினேன்.
ஆறு. ஏழு. வெளியே எங்கோ ஒரு லோரி கியர் மாற்றியது.
ஒன்பது.
பதினொன்றில் வந்தது:
'மேகி சாப்புட்டுகிட்டிருக்கேங்க்கா. என்ன?'

என் கணக்குப்படி
அவன் போய் இரண்டு நொடி ஆகியிருந்தது.
ஒன்றுமில்லை, சாப்பிடு என்றேன்.