இரண்டாவது கோப்பை

பதினொரு பக்கக் கதையை
முந்நூறு பக்கமாக்கித் தரும்படி
நியூயார்க்கிலிருந்து கடிதம்.
டுலூத்தில் அன்று ஏரி உறைந்துவிட்டிருந்தது.
கழுதை தேய்ந்து கட்டெறும்பாகும், தெரியும்.
இவர்கள் கட்டெறும்புக்குத் தீனி போட்டுக்
கழுதையாக்கச் சொல்கிறார்கள்.

லெம்பி ஹாபலா என்று
முழுப்பெயர் எழுதியிருந்தார்கள்.
அந்தக் காலத்தில் எல். ஹாபலா,
ஆண்பிள்ளை என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று.

ஐம்பத்து நான்கில் அதை எழுதியது
ஒரு கடைவாய்ப் பல்லுக்காக.
சொல்லுக்கு மூன்று சென்ட்.
வந்த அறுபத்தாறு டாலரில்
பல் வைத்தியருக்கு நாற்பது,
மிச்சத்துக்கு நிலக்கரி.
சொல்லுக்குக் காசு என்றால்
எவளும் இழுத்துத்தான் எழுதுவாள்.
எனக்கு வலி, சீக்கிரம் முடித்தேன்.
அதைத்தான் பிறகு
சொற்சிக்கனம் என்று பாடம் நடத்தினார்கள்.

கதை இவ்வளவுதான்:
வேறொரு சூரியனைச் சேர்ந்த
உறைந்த நிலாவில் தனியாக ஒருவன்.
தினமும் பூமிக்கு ஒரே செய்தி அனுப்புகிறான்,
'இங்கே எல்லாம் நலம்.'
முதல் செய்திக்குப் பதில் வரப்
பத்தொன்பது வருடம்.
வந்த பதில், 'யார் பேசுவது?'
அவன் எழுந்து போய்க்
கோப்பைகளைக் கழுவுகிறான்.
முற்றும்.

கோப்பைகளை.
அந்தக் 'கள்' என்னை விட்டதே இல்லை.
ஒஹையோவிலிருந்து பள்ளிப் பிள்ளைகள் எழுதுவார்கள்:
தனியாள் என்றீர்களே, அம்மையாரே,
இன்னொரு கோப்பை யாருடையது?
அச்சுப்பிழை என்று பதில் போடுவேன்.

நாவலுக்கு அவனுக்கொரு பெயர் வேண்டும்.
எய்னார் என்று வைத்தேன்.
பெயர் வைத்ததும் ஓர் அம்மா வந்துவிட்டாள்,
அம்மாவோடு ஒரு கடன்,
கடனோடு ஒரு மாமா.
காலையில் என்ன சாப்பிடுவான்?
பதினொரு பக்கத்தில் அவனுக்குப்
பசிக்கவே இல்லை.

'ஒரு போர் வைக்கலாமே,' என்றார் டிரைஸ்பாக்.
வைத்தேன்.
'பூமியைக் கொஞ்சம் காட்டலாமே.'
காட்டினேன், டுலூத் மாதிரியே இருந்தது,
தூக்குப் பாலம், இரும்புத்தாதுக் கப்பல்,
மூடுபனிச் சங்கு.
நூற்றெண்பதாம் பக்கத்தில் என் நிலா
சந்தைக்கடை ஆகிவிட்டது.
தனிமைக்கு உட்கார இடமில்லை.

பிப்ரவரியில் பரணிலிருந்து
கார்பன் பிரதியை இறக்கினேன்.
நீலம் மங்கிய எழுத்து, என் தட்டச்சு,
'ஹ' மட்டும் வழக்கம்போல் ஒரு முடி மேலே.
கோப்பைகளை.
அச்சுக்கோத்தவன்மேல்
முப்பத்திரண்டு வருடம் பழி போட்டிருக்கிறேன்,
பேர்கூடத் தெரியாது.

அந்த நவம்பர் நினைவுக்கு வந்தது,
முழுசாக இல்லை.
ஆர்வோ கப்பலில்.
ஏரி மூடும்வரை வரமாட்டான்.
தினமும் கை தானாக
இரண்டு கோப்பை எடுத்து வைத்ததா?
எதிர்வீட்டு மார்த்தா வந்து போனாளா?
அல்லது வேறு
யாராவது.
பல் வலித்தது, அது மட்டும் நிச்சயம்.

மறுநாள் போரை எடுத்தேன்.
மாமாவை எடுத்தேன், கடனும் போயிற்று.
அம்மா போக மறுத்தாள்,
இருக்கட்டும்.
எய்னார் காபி ஊற்றுகிறான்,
இரண்டு கோப்பையில்.
ஒன்று ஆறுகிறது.
ஆற எவ்வளவு நேரம் ஆகும்,
அதற்குள் ஒருவன் எதையெல்லாம்
நினைக்காமல் இருக்கப் பார்ப்பான்?
நாற்பது பக்கம் வந்தது.

மார்ச் கடைசியில் டிரைஸ்பாக் கூப்பிட்டார்.
'அப்புறம்?'
'அப்புறம் இரண்டாவது கோப்பை
காலியாக இருக்கிறது,' என்றேன்.
கம்பியில் கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும்.
'யார் குடித்தது?'

வெளியே பனிக்கட்டி உடைக்கும் கப்பல்
துறைக்குள் வந்துகொண்டிருந்தது.
பாலம் ஏறும் மணி.
எய்னாரிடம் நான் இன்னும் கேட்கவில்லை.
கேட்டால் எழுந்து போய்க்
கழுவ ஆரம்பித்துவிடுவான்,
அதோடு கதை முடிந்துவிடும்,
முன்பணத்தில் பாதியோ
ஏற்கெனவே கூரைக்குப் போய்விட்டது.