சி-எட்டு

ஐந்தாம் சுற்று. பதினேழாம் பலகை.
பம்பலப்பிட்டிப் பாடசாலை மண்டபத்தில் மின்விசிறிகள்
காற்றைவிடச் சத்தத்தைத்தான் இறைக்கின்றன.
எதிரே செனுர, வயது பதினொன்று,
நுகேகொடையிலிருந்து தாயோடு வந்தவன்.
மைலோ பக்கற்றை உறிஞ்சி முடித்து
அதன் வயிறு ஒட்டும்வரை இன்னும் உறிஞ்சுகிறான்.

ராஜாவின் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினான்.
நான் ஒன்றே ஒன்று.
பிரெஞ்சுத் தடுப்பு.
பதினாறு வருடமாக எனக்கு வேறு பதில் இல்லை.

இதில் ஒரு மந்திரி உண்டு,
வெள்ளைக் கட்டத்தில், சி-எட்டில்.
சொந்தச் சிப்பாய்களே அவனுக்கு மதில்.
முப்பது நகர்வுக்கு அவன் ஒரு தளபாடம்.
கெட்ட மந்திரி என்று புத்தகத்தில் போட்டிருக்கும்.
நான் அப்படிச் சொல்வதில்லை.
வெள்ளவத்தை முப்பத்தேழாம் ஒழுங்கையில்
என் அறைக்கும் ஜன்னல் உண்டு.
திறந்தால் பக்கத்து ஃபிளாட்டின் குழாய்கள்.
எந்த மாடியில் எப்போது குளிக்கிறார்கள் என்று
சத்தத்தை வைத்தே சொல்வேன்.

மூன்றாம் நகர்வில் பொடியன் வெட்டினான்.
நானும் வெட்டினேன், வேறென்ன செய்ய.
கடிகாரத்தை அழுத்திவிட்டுத் திரும்பும்போதுதான் கண்டேன்:
மதில் இல்லை.
சி-எட்டிலிருந்து சாய்வாக, பலகையின் விளிம்புவரை,
ஒரு ஈ, எறும்பு இல்லை.

கரையோர ரயில் போனது. காய்கள் நடுங்கி நின்றன.
நெரிசலுக்குள் மூச்சுவிட எனக்குத் தெரியும்,
ஒரே ஒரு கட்டத்துக்காக இருபது நகர்வு காத்திருக்கத் தெரியும்.
என் போட்டோகொப்பிப் புத்தகத்தில்
இந்தப் பரிமாற்றத்துக்கு அரைப் பக்கம்தான்.
அதை நான் படித்ததேயில்லை.

ஏழாவதில் அவனை அனுப்பினேன்.
ஜி-நான்கு. குதிரையின் பக்கம் போய் நின்றான்,
தெரிந்த முகம் ஒன்றுமில்லாத
கல்யாண வீட்டுக்கு வந்துவிட்ட ஆள்போல.
செனுர ஓரச் சிப்பாயைத் தட்டினான்: போ.

வெட்டியிருக்கலாம்.
ஒரு கட்டம் தள்ளி நின்று முறைத்திருக்கலாம்.
நான் அவனை வந்த வழியே
சி-எட்டுக்குக் கூட்டிவந்தேன்.

பொடியன் நிமிர்ந்தான்.
பலகையைப் பார்த்தான், என் முகத்தைப் பார்த்தான்,
பொறி ஒன்று இருக்கிறதென்று முடிவுகட்டி
இருபத்திரண்டு நிமிடம் தேடினான்.
வாசலில் தாய் கைப்பையின் சிப்பைத்
திறந்தாள், மூடினாள், திறந்தாள்.
நானும் தேடினேன்,
இருந்தால் நல்லதென்று.

நாற்பத்தொன்பதாவதில் கைகொடுத்தோம். அரை, அரை.
நடுவர் லியனகே தாள்களைக் கிழித்துக்கொண்டு போனார்.
"மிஸ், மந்திரி ஏன் திரும்பிப் போனார்?"
பழக்கம் என்பதற்கு அவன் மொழியில் எனக்குச் சொல் தெரியும்.
"உன்னைக் குழப்பத்தான்," என்றேன்.

தலையாட்டினான். தன் கார்பன் பிரதியில்
அந்த நகர்வின் பக்கத்தில், மெத்த மரியாதையாக,
ஒரு ஆச்சரியக்குறி போட்டான்.

ஆறாம் சுற்று இரண்டரைக்கு.
மறுபடியும் எனக்குக் கறுப்பு.