பதினைந்து ரியால்

தம்மாம் ஜவாஸாத் அலுவலகத்துக்கு எதிரே
ஏழு தட்டச்சுக் கடைகள்.
மூன்றாவதில், சொட்டுகிற ஏசிக்கு அடியில் நான்.
வலமிருந்து இடமாக
ஒன்பது வருடம் அடித்திருக்கிறேன்
மற்றவர்கள் நினைத்ததை.

அன்று வந்தவர் அபூ நாயிஃப்.
நல்ல மனிதர். போன ரமலானில்
கடைப் பையன்கள் எல்லாருக்கும் பேரீச்சை கொடுத்தவர்.
உட்காரும் முன்பே சொன்னார்: "ஹுரூப்."
ஓடிப்போனவன் பாஸ்போர்ட் நகலை நீட்டினார்.
தொழில், வீட்டு டிரைவர்.
ஆங்கிலத்தில் நொறுங்கிக் கிடந்த பெயரை
ஒட்டவைத்து வாசித்தேன்:
ஞானதிரவியம்.

'ஞ' அரபியில் இல்லை.
நூன் போட்டு, ஒரு யா சேர்த்து,
இடம் போதாமல்
மீமைக் கட்டத்துக்கு வெளியே தள்ளினேன்.
எப்போது ஓடினான்?
கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.
"இன்று காலை. எட்டு மணி என்று போடு."
எட்டு மாதச் சம்பளம் கேட்டிருந்தான் என்பதற்குப்
படிவத்தில் கட்டம் கிடையாது.

எனக்கு முன் என் கட்டிலில் படுத்தவன்
விட்டுப்போன சட்ட வரலாறு ஒன்று,
அட்டை கிழிந்தது, அறையில் கிடக்கிறது.
முந்தின இரவு அதில் வாசித்தேன்.
வேறொரு வளைகுடாவின் பக்கம், நியூ ஆர்லியன்ஸ்.
அடிமையை அடிக்கக் கை வலித்தால்
எஜமான் ஒரு சீட்டெழுதி
அவனிடமே கொடுத்தனுப்புவான்.
ஊர்ச் சிறை சீட்டை வாங்கும்,
எண்ணி அடிக்கும், திருப்பி அனுப்பும்.
கட்டணம் கால் டாலர்.
கோபம் வீட்டுடையது, சாட்டை நகராட்சியுடையது.
முதுகு எதை யார் கணக்கில் எழுதும்?

இது அதுவல்ல. தெரியும்.
இங்கே யாரையும் ஏலத்தில் நிறுத்துவதில்லை.
ஏஜெண்டுக்கு அறுபதாயிரம் கட்டி
வரிசையில் நின்று, கையெழுத்துப் போட்டு
நானாக வந்தவன் நான்.
அப்படிச் சொல்லிப் புத்தகத்தை மூடிவிட்டுத்தான்
தூங்கினேன்.

முத்திரை விழுந்துவிட்டால்
அபூ நாயிஃப் யாரையும் தேட வேண்டாம்.
ரோந்து வண்டி தேடும். சாவடி தேடும்.
விமான நிலையக் கண்ணாடிக்குப் பின்னாலிருக்கும் பையன்
கொட்டாவி விட்டுக்கொண்டே தேடுவான்.
ஒருவருடைய கோபம் அரசாங்கமாக மாற
என் பத்து விரல் போதும்.

தாளை உருவி நிமிர்ந்தபோது
வெளியே வெள்ளை கேப்ரிஸ்,
என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.
ஸ்டியரிங்கில் தாளம் போட்டபடி ஒருவன்.
நகலில் இருந்த அதே மீசை.
தமிழ் முகம் என்று கண்டுகொண்டு
புருவத்தைத் தூக்கினான். கையசைத்தான்.

எழுந்து போயிருக்கலாம்.
அவருக்குப் புரியாத மொழியில் ஒரே ஒரு வார்த்தை.
இல்லை, எண்ணில் ஓர் இலக்கத்தையாவது
மாற்றியிருக்கலாம்.
என் பாஸ்போர்ட்டும்
ஒருவருடைய இரும்புப் பெட்டியில் இருக்கிறது.

"எவ்வளவு?"
பதினைந்து.
இருபது கொடுத்தார். மீதி வேண்டாம் என்றார்.

படியிறங்கினார்.
எட்டு மணிக்கு ஓடிப்போனவன்
எட்டே முக்காலுக்கு
வண்டியைச் சுற்றி ஓடிவந்து
பின்கதவைத் திறந்து
பிடித்துக்கொண்டு நின்றான்.