தட்டு ஏந்தியவள்

இந்த வருஷமும் எனக்குத் தட்டுதான்.
உயரம் சரியாம், கை நடுங்காதாம்.
சிஸ்டர் பெனிட்டா கண்டுபிடித்து மூன்று வருஷமாகிறது.
சிவப்பு வெல்வெட் விரித்த தாம்பாளம்;
மேலே ஜாமெட்ரி பாக்ஸ், எவர்சில்வர் டப்பா,
பெரிய பரிசுக்குப் பெரிய ஹாட்பாக்ஸ்.
நான் ஏந்துவேன், முதன்மைக் குரு எடுப்பார்,
வாங்குகிறவள் கேமராவைப் பார்ப்பாள்.
நாற்பத்தொரு போட்டோவிலும்
என் முழங்கை இருக்கும்.

அன்று காலையில்தான்
பத்தாம் வகுப்பின் பேனாக்களைப் பீடத்தில் வைத்து மந்திரித்தார்கள்.
தீர்த்தம் தெறித்து ஹால் டிக்கெட்டில் மை கரைய
எஸ்கலின் அழுதாள்.
ஃபாதர் கைக்குட்டையால் ஒற்றி எடுத்து
"ஆவியானவருக்கு உன் நம்பர் மனப்பாடம், போ" என்றார்.
தவக்காலம். அதனால்
ஆண்டு விழாவுக்கும் புளிசாதம்.

கோ-கோவில் மண்டலம் வென்ற நாகவேணி
முழங்கால் பிளாஸ்திரியோடு படியேறினாள்.
கணக்கில் நூறு, ஜெபசீலி.
அவள் அப்பா ஓசூரில் ஷிப்ட் மாற்றி வந்திருந்தார்;
கம்பெனிச் சட்டையின் அடையாள அட்டை
கைதட்டலுக்கெல்லாம் துள்ளியது.
ஜூன் மாதம் வாளிக்குள் தலையை விட்டு அழுத
ஆறாம் வகுப்புக்காரி
அதே வாளியைக் கவிழ்த்து மேளம் கொட்டினாள்.

"தமிழ்க் கட்டுரை, முதல் பரிசு,
மா. கெம்பம்மா, ஒன்பது ஆ."

மைக் இன்னொரு முறையும் சொன்னது.
நவம்பரில் முடிவான பட்டியல்,
யாரும் திருத்தவில்லை.

வீட்டில் கன்னடம் அவளுக்கு.
வாழைப்பழம் சொல்லு, சொல்லு என்று
சாப்பாட்டு வரிசையில் சிரிப்போம்.
எழுதினால் ஒரு ழகரம் பிசகாது.
சொட்டுநீர்ப் பாசனத்தின் நன்மைகள், இதுதான் தலைப்பு.
அவள் முதல் வரி:
'எங்கள் ஊர்க் குழாய்க் கிணற்றில் ஆழம் நிறைய இருக்கிறது.'

கிறிஸ்துமஸ் லீவுக்குப் பெட்டமுகிலாளம் போனாள்.
கட்டிலுக்கடியில் பெட்டி இருந்தது, அவள் வரவில்லை.
ஜனவரியில் பால் வண்டிக்காரர் ஒரு சொல் கொண்டுவந்தார்:
கல்யாணம்.
சிஸ்டர் இரண்டு முறை மலையேறினார்,
ஒரு முறை போலீசோடு.
பெங்களூரு, கட்டட வேலை, எந்தப் பக்கமோ என்றார்கள்.

"அடுத்து, நடனம்" என்றது மைக்.

தட்டில் மிஞ்சியது
நீல மூடி போட்ட இரண்டடுக்கு டிபன் கேரியர்.
தேசிய கீதம் முடியும்வரை
அது மட்டும் மெல்லக் கிணுகிணுத்தது.
கை நடுங்காதவள் என்று
என்னைத்தான் சொல்வார்கள்.

பரீட்சைகள் போயின. குருத்தோலை காய்ந்தது.
ஈஸ்டர் கழிந்த பத்தாம் நாள்
முற்றம் முழுக்க டிரங்குப் பெட்டி, சுருட்டிய பாய்,
ஒற்றைச் செருப்புகள், யாருடையது யாருடையது என்ற கூச்சல்.
கேட்டுக்கு வெளியே மாங்காய் லாரிகள்
வழிவிடச் சொல்லி ஹாரன் அடித்தன.

ஆபீசுக்குப் போய்க் கேட்டேன்.
சிஸ்டர் பீரோவைத் திறக்கவில்லை, என்னைப் பார்த்தார்.
"யார்கிட்ட குடுப்ப?"
"தெரியல சிஸ்டர்."
சாவி திரும்பியது.

பரிசுப் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே
கட்டம் காலியாக இருந்தது.
'கெம்பம்மாவுக்காக, ச. ரோஸ்லின் அமலா.'
மூன்று வருஷத்தில்
அந்த நோட்டில் என் பெயர்
இப்போதுதான் ஏறுகிறது.

கிருஷ்ணகிரி பஸ் நிலையத்தில்
பெட்டிக்கு லக்கேஜ் போட்டார் கண்டக்டர்.
மடியிலிருந்ததைக் காட்டி
"உள்ள என்னம்மா, வாசனையே வரல?" என்றார்.
ராயக்கோட்டை தாண்டியது.
கெலமங்கலத்தில் எங்கள் அண்ணன்
சைக்கிளோடு நிற்பது ஜன்னலில் தெரிந்தது.
நான் இறங்கவில்லை.
"ஏய்!" என்று அவன் ஓடிவந்தது கொஞ்ச தூரம்.
வீட்டில் இன்றைக்கு எனக்கு இருக்கிறது.

தேன்கனிக்கோட்டை.
பெட்டியின் மேல் உட்கார்ந்திருக்கிறேன்.
மலைக்குப் போகும் பால் வண்டி
நாலு மணிக்கு என்றார்கள்.
நாலரை ஆகிறது.