வண்டி வாடகை

மொட்டை மாடிக்கு வீட்டுக்காரர் பூட்டுப் போட்ட மறுநாள்
என் டாக்ஸியின் முன்கண்ணாடியை ஒட்டி
ஒரு எவர்சில்வர் தட்டு ஏறி உட்கார்ந்தது.
"ஏர்போர்ட்டுல ரெண்டு மணி நேரம் சும்மாதான நிக்கிற,
கூட இதுவும் நிக்கட்டும்" என்றாள் அமலோற்பவம்.

மோரில் ஊறிய மிளகாய்.
படிக்கட்டுத் திருப்பத்தில், பெயிண்ட் வாளியில்,
அரிசி களைந்த தண்ணீர் குடித்து வளர்ந்தவை.
பக்கத்து வாளி சுண்டைக்கு.
இருபத்தேழு மிளகாய். எண்ணித்தான் கொடுத்தாள்.
சாயங்காலம் எண்ணித்தான் வாங்குவாள்,
ராத்திரி மறுபடி மோருக்குள் விட.

ஆடி மாதத்தில் பெங்களூரு வெயிலை நம்பி
யாராவது வற்றல் போடுவார்களா?
பத்தரைக்கு வரும். கொஞ்ச நேரத்தில்
கவுன்ட்டரில் பலகை வைத்துவிட்டு எழுந்து போன
குமாஸ்தா மாதிரி காணாமல் போகும்.
ஹெப்பாளில் அடிக்கும், தேவனஹள்ளியில் தூறும்.
நிழல் பார்த்து வண்டி நிறுத்துகிற ஆள் நான்.
இப்போது மரமில்லாத இடமாகத் தேடினேன்.
மற்றவர்கள் மரத்தடியில் சீட்டாட,
நானும் மிளகாயும் கண்ணாடிக்குள் வெந்தோம்.

கோரமங்களாவில் ஏறிய பையன்
மூக்கிலிருந்து கைக்குட்டையை எடுக்கவே இல்லை.
இறங்கியதும் ஒற்றை நட்சத்திரம்.
வண்டிக்குள் ஏதோ செத்துக் கிடக்கிறது என்று எழுதியிருந்தான்.
அன்றிரவு அவளுக்குக் கணக்குச் சொன்னேன்.
கடையில் வாங்கினால் நாற்பது ரூபாய்.
நட்சத்திரம் குறைந்தால் நல்ல சவாரி வராது.
மோருக்கு எவ்வளவு, உப்புக்கு எவ்வளவு,
மத்தியானம் நான் ஏசி போடாமல் வேர்த்ததற்கு எவ்வளவு?
அவள் பால் கவரைப் பிரித்துக் கழுவி
ஜன்னல் கொடியில் கிளிப் போட்டுக்கொண்டிருந்தாள்.
கிலோ எட்டு ரூபாய்க்கு எடுக்கிறார் பேப்பர் கடைக்காரர்.
ஒரு கிலோவுக்கு எத்தனை கவர் என்று கேட்டேன்.
"உனக்கு எதுக்கு அது? நீ நட்சத்திரத்த எண்ணு."

மல்லேஸ்வரம் எட்டாவது கிராஸில் ஏறிய அம்மா
கதவைச் சாத்தியதுமே "பாளகவா?" என்றார் கன்னடத்தில்.
ஆமாம் என்றேன்.
உப்பு போதாது என்றார்.
அவ்வளவுதான். யஷ்வந்த்பூர் வரைக்கும்
போனில் மகளோடு சண்டை.
வீட்டில் சொன்னபோது அமலோற்பவம் சீறினாள்,
வாசனையிலேயே உப்பு தெரியுமா அவளுக்கு என்று.
நான் கை கழுவப் போன நேரத்தில்
டப்பா திறக்கிற சத்தம்,
கரண்டி கலக்குகிற சத்தம்.

செப்டம்பரில் எஃப்.சி.யும் இன்சூரன்ஸும்
ஒரே வாரத்தில் வந்து நின்றன.
ஆறாயிரத்து முன்னூறு துண்டு விழுந்தது.
மச்சானுக்குப் போன் போடலாமென்று பேரைத் தேடினேன்.
அவள் ஸ்டூல் போட்டு ஏறினாள்.
சீட்டு நடத்தியவன் குடும்பத்தோடு ஓடிய வருஷத்திலிருந்து
பரண் தவிர எந்த ஆபீஸையும் நம்பாதவள்.
சுண்டைவற்றல் ஜாடிக்குள்
வளையலைக் கழற்றிவிட்டுக் கையை விட்டாள்.
கழுவிக் காயவைத்த பால் கவர்.
அதற்குள் இன்னொரு பால் கவர்.
அதற்குள் பத்து, இருபது, ஐம்பது,
நாலாக மடித்த நூறுகள்.
என்றைக்கு எடுத்தாள், எதிலிருந்து எடுத்தாள்,
கேட்க எனக்கு வாய் வரவில்லை.
நான் பார்த்துக்கொண்டிருக்க
தரையில் அடுக்கி எண்ணினாள், மிளகாய் எண்ணுகிற அதே விரலால்.

ஆர்.டி.ஓ. வாசலில் ஏஜென்ட்
நோட்டை எண்ணிவிட்டு விரலை முகர்ந்தான்.
"ஹோட்டலா சார்?" என்றான்.
டாக்ஸி என்றேன்.

திரும்பும்போது சில்க்போர்டு சிக்னலில் முக்கால் மணி நேரம்.
மத்தியானம் சாப்பிடவில்லை.
தட்டில் ஒரு மிளகாய் நல்ல மொறுமொறுப்பாக இருந்தது.
பொரிக்காமலே கடித்தேன்.
உப்பு சரியாகத்தான் இருந்தது.

ராத்திரி எண்ணினாள். இருபத்தாறு.
மறுபடி எண்ணினாள்.
என்னைப் பார்த்தாள். நான் பல்லி இருக்கிறதா என்று சுவரைப் பார்த்தேன்.
பழைய காலண்டர் தாள்களைத் தைத்த நோட்டை எடுத்தாள்.
பால் கவருக்கும் கொத்தமல்லிக்கும் நடுவே எழுதினாள்:
வண்டி வாடகை, மிளகாய் ஒன்று.