புளியரை, இரவுப் பணி

ஒன்பதாம் எபிசோடில் கொலை,
படகுத்துறையில்.
இங்கே சாரல்.
வைக்கோல் லாரி, வைக்கோல் லாரி, ஒரு காலி டேங்கர்.

மிஸ் ஆர்க்வெல் தொப்பியைச் சாய்த்துக்கொண்டு
பிணத்தின் ஷூவை முகர்கிறாள்.
ஆண்டு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தெட்டு.
பேச்சு மட்டும் சுத்தமான மயிலாப்பூர்.
"அம்மணி, வீட்டுக்குப் போங்கள்" என்கிறார்
இன்ஸ்பெக்டர்.
எங்கள் ஏட்டு சுடலையாண்டியும்
இதே குரலில்தான் டீ வாங்கிவரச் சொல்வார்.

அவள் காரைப் பார்த்தாலே
ஆர்.சி. புக் கேட்கக் கை துறுதுறுக்கும்.
அவ்வளவு அழகு. இன்ஷூரன்ஸ் இருக்காது.

கொலையாளி அந்த டாக்டர்தான்.
மூன்றாம் எபிசோடிலேயே சொன்னேன்,
கேட்க ஆளில்லை.
கையுறையைக் கழற்றாமல்
எவனாவது பிஸ்கட் தின்பானா?

ஆரியங்காவுக்குத் தவிடு என்று ஒரு மினி லாரி.
டிரைவர் தேவைக்கு மேல் சிரிக்கிறான்.
சட்டையில் பொட்டுத் தூசி இல்லை.

போனை நிறுத்துகிறேன்.
டாக்டரை நோக்கி விரல் நீட்டியபடி
அவள் அப்படியே நிற்கட்டும், பாவம்,
கொஞ்ச நேரம்.

தார்ப்பாயின் ஓரத்தைத் தூக்கி
முகர்கிறேன்.

ரேஷன் அரிசிக்கென்று ஒரு வாசம் உண்டு.

"இறங்குங்க அண்ணாச்சி."
சொன்ன பிறகுதான் தெரிகிறது,
என் தொப்பியும் சாய்ந்திருக்கிறது.