பின்பலகை

ஓட்டமாவடியில் றிபாஸ் தட்டிக் காட்டினான்:
"வெளியில ஒரு கீறல் இல்ல."
வெளியில் இல்லைதான்.
பின்பலகையில் துளையிட்டேன்.
கறுப்புத் தண்ணி இரண்டு நாள் வடிந்தது.
எஞ்சினைத் தாங்கிய மரம்
இரண்டு கண்ணாடித் தோலுக்கு நடுவே
தேயிலைச் சக்கையாய்க் கிடந்தது.

கரண்டியால் கிண்டியெடுத்தேன்.
தவமலர் வீட்டில் கறிக்கரண்டி தேடினாள்.
நான் வாய் திறக்கவில்லை.

பிறகு அரத்தாள்.
நீலத்தின் கீழ் சிவப்பு, சிவப்பின் கீழ்
யாரோ ஒரு 'ஜெ'.
மிச்ச எழுத்து தூளாய்ப் பறந்தது.
அந்தத் தூள் என்னோடு வீட்டுக்கு வந்தது,
சேட்டிலிருந்து பாய்க்கு, பாயிலிருந்து அவளுக்கு.
நடுச்சாமம் எழும்பியிருந்து
இருவரும் முழங்கை சொறிந்தோம்,
சண்டை பிடிக்கவும் கை ஒழியாமல்.

ஹார்ட்னர் கூடிப்போய்
பேணியிலேயே புகைந்து இறுகியது ரெசின்.
நாலாயிரம் ரூபாய்க் கல்.
இப்போது குசினிக் கதவுக்கு முட்டு.

முகத்துவாரத்தில் இறக்கிய காலை
ஏழாவது இழுவைக்கு எஞ்சின் பிடித்தது.
நான் கடலைப் பார்க்கவில்லை.
குனிந்து, எஞ்சின் பக்கத்துச் சின்ன ஓட்டையையே பார்த்தேன்.
துப்பியது. நின்றது.
பிறகு பிள்ளையின் மூத்திரம்போல
மெல்லிசாய், நேராய், இளஞ்சூடாய்.

"பெய்யுது!" என்று கத்தினேன்.

கரையில் தவமலர்
வானத்தை அண்ணாந்து பார்த்தாள்.